ஆபரேஷனுக்கு முன் ஒரு விஷயம்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்து ரொம்ப சந்தோஷம். ஆனால் அடுத்த மாதம் உனக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

என் அண்ணன் மகன் பைக்கில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். பிளேட் வைக்க மயக்க மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் தாடை இறுகிவிட்டது. மூச்சில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போக, இதயம் தாறுமாறாக அடித்திருக்கிறது. அப்புறம் உடம்பு கொதித்தது. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்கிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே தசையில் இருக்கும் கோளாறு. செவோஃப்ளுரேன் மாதிரி மயக்க வாயுவோ தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியோ உள்ளே போனால், தசைக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் வெளிப்பட்டுத் தசை இறுகியே நிற்கும். இதை முறிக்கும் மருந்து டான்ட்ரோலீன். அது வருவதற்கு முந்தைய காலத்தில் 100-க்கு 70 பேருக்கு மேல் இறந்துபோனார்களாம். இவனுக்கு அதை வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் கொண்டுவந்தார்கள். அதுவரை வாயுவை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, ஐஸ் வைத்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார் மயக்க மருந்து டாக்டர். அந்த மனுஷி நன்றாக இருக்கவேண்டும்.

குடும்பத்தில் யாராவது ஆபரேஷன் மேஜையில் இறந்ததுண்டா என்று கேட்டார். எங்கள் சித்தப்பா அப்படித்தான் போனார். விதி என்று சொல்லிப் பாட்டி அந்தப் பேச்சையே மூடிவிட்டாள். மெல்போர்னில் கால் முறிந்து வந்த ஒரு பையன், ஈதர் மயக்கத்தில் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் செத்ததைச் சொல்லிப் பயந்திருக்கிறான். டாக்டர்கள் அதைக் காதில் வாங்கியதால்தான் 1960-ல் இந்த வியாதியே வெளிச்சத்துக்கு வந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் இருக்கலாம், பரிசோதனை செய்துகொள்ளப் போகிறேன்.

உன் பெரியம்மா ஒருவர் ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழிக்கவே இல்லை என்று காலேஜ் நாளில் சொல்லியிருக்கிறாய். அன்று என்ன நடந்தது என்று அம்மாவிடம் விசாரித்து டாக்டரிடம் சொல். உனக்கு ஏற்கெனவே மயக்கம் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்றாலும் சொல், அதை மட்டும் நம்ப முடியாது. முன்பே தெரிந்தால் வாயு இல்லாமல் ப்ரோபோஃபால் மாதிரி மருந்தை நரம்பு வழியாகக் கொடுத்தே முடித்துவிடுவார்கள். டான்ட்ரோலீன் கையிருப்பு உண்டா என்றும் கேள். தேதி முடிவானதும் எழுது, கூட இருக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
சாரதா