பாலாற்றின் நீர்க்கணக்கு மணலிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாலாற்றுத் தடுப்பணைகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அணைகளின் நீளம், உயரம், கொள்ளளவு ஆகியவற்றை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, அந்த ஆற்றின் ஆகப் பெரிய நீர்த்தேக்கமான மணற்படுகையைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாற்றின் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழகத்துக்குள் இருக்கிறது. பேத்தமங்கலம் முதலான மேற்பகுதி ஏரிகள் நிரம்பிய பிறகே நீர் கீழே வர வேண்டியிருப்பதால், சில நாள்கள் மேலே ஓடி, மற்ற நாள்களில் மணலுக்கடியில் நகர்வதே இவ்வாற்றின் இயல்பாகிவிட்டது. இதை நன்கறிந்த ஊரார், ஆற்று மணலில் நீளவாக்கில் கால்வாய் தோண்டி, அதில் சுரக்கும் நீரை இறைக்காமலே வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஊற்றுக்கால் எனப்படும் இந்த ஏற்பாட்டில் கால்வாயின் வாட்டம், அதாவது சரிவு, ஆற்றின் சரிவைவிடக் குறைவாக இருக்கும். மணலுக்குள் ஆழத்தில் தொடங்கும் நீர் சிறிது தொலைவில் கரைக்கு வந்துவிடுவது அதனால்தான். வெள்ளத்தில் தூர்ந்ததை ஊர்கூடித் தோண்டுவது, ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தின் பகுதியாக இருந்தது. மணல் அள்ளி ஆற்றுமட்டம் இறங்கிய இடங்களில் ஊற்றுக்கால் தொடங்கும் முனை மேட்டில் நிற்கிறது. அதை இன்னும் ஆழப்படுத்தினால் நீர் சுரக்கலாம், வயலுக்கு ஏறாது.

2021 நவம்பரில் பாலாற்றின் வாலாஜா அணைக்கட்டைக் கடந்த வெள்ளம் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல். அத்தகைய வெள்ளத்தை உறிஞ்சிவைக்க மணல் வேண்டும். மணல் போய்க் களித்தரை தெரியும் இடத்தில் அது நேரே கடலுக்குத்தான் போகும். தடுப்பணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதன் அடிச்சுவரைப் பாறைவரை இறக்கினால், கீழே உள்ள ஊர்களின் குடிநீர்க் கிணறுகளுக்குப் போகும் அடிநீரும் மறிக்கப்படும்.

எனவே, ஆற்றில் எங்கெங்கே எத்தனை அடி மணல் எஞ்சியுள்ளது, பருவமழைக்கு முன்னும் பின்னும் அதில் நீர்மட்டம் என்ன என்பதை நீர்வளத் துறை ஊர்வாரியாக அளந்து வெளியிட வேண்டும். அடுத்த தடுப்பணைக்கான இடத்தை அதன் பிறகு முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆற்காடு.