லேஸ் தலையணையை முன்னால் கொண்டுவா

வடசேரி,
நாகர்கோவில்.

அன்புள்ள செல்வி,

நம் ஊர் டதி பெண்கள் பள்ளியின் வரலாறு பற்றி நீ எழுதியதை எனக்கு அனுப்பி இரண்டு மாதமாகிறது. ஏசாதே. இங்கே எல்லாரும் சுகம். கணக்கு டீச்சர் முட்டுவலியோடு இன்னும் எல்லாருக்கும் மார்க் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உனக்கு என்ன போடுவார் என்று நான் சொல்லவில்லை.

ஏட்டி, திருவிதாங்கூரை ஆண்ட உத்திரம் திருநாள் மகாராஜாகூட உன் அளவுக்குத் தாராளம் இல்லை! நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்ற மேல்சீலைப் பிரகடனத்தை 1858-லேயே கொடுத்துவிட்டாயே. மலையாளக் கணக்கில் கொல்லம் 1034 கர்க்கடகம் (நம் ஆடி) என்றால் 1859 ஜூலை. எல்லா மாதத்துக்கும் 824 கூட்டியிருக்கிறாய், அங்கேதான் சறுக்கல். கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில், அதாவது சிங்கத்தில். அதிலிருந்து தனு (நம் மார்கழி) பாதி வரைக்கும் 824. ஜனவரி பிறந்ததும் கர்க்கடகம் முடிய 825. திருவிதாங்கூர்க் காலத்துத் தேதிகளை எல்லாம் இப்படி ஒருதரம் ஓட்டிப் பார். தனு மாதத்துத் தேதிக்கு மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டு.

அடுத்தது, 1819. பள்ளியை மார்த்தா மால்ட் அம்மாதான் தொடங்கினார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். மிஷனரி மால்ட் தம்பதி நாகர்கோவில் வந்ததே அந்த வருஷம் டிசம்பரில்தான். இன்னொரு மிஷனரி மீட் ஐயர் அதற்கு முன்பே இங்கே இருக்கிறார். அவர் மனைவி யோகன்னா, தஞ்சாவூர் மிஷனரி ஹோர்ஸ்டின் மகள். அவரை ஒரு அடைப்புக்குறிக்குள்கூட நீ நுழைய விடவில்லை. ஜேம்ஸ் டதியோ 1850களில் வந்தவர். பெயர்ப்பலகையைப் பார்த்து அவரைத் தொடக்கத்தில் கொண்டுபோய் வைக்காதே.

இதெல்லாம் சில்லறை. எனக்கு ஆறாதது லேஸ், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நூலில் பின்னிய பூவேலை. ‘கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டது’ என்று கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்! செல்வி, பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பச் சொன்னால் கதவைச் சாத்திய காலம் அது. விடுதிச் சோற்றுக்கும் துணிக்கும் வழி பண்ணியதில் அந்தப் பிள்ளைகள் பின்னிய லேஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அடிமைப் பிள்ளைகளை விலை கொடுத்து மீட்கவும் அந்தக் காசு போயிருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான் என்பதை இதோடு சேர்த்துப் படி.

அது லேசான வேலையும் இல்லை. கெட்டியாக அடைத்த தலையணை, அதன்மேல் ஊசியால் குத்திய மாதிரித் தாள், நூல் சுற்றிய சின்னக் குச்சிகளான போபின்கள். போபின் எப்போதும் ஜோடியாகத்தான் போகும். ஒரு தையலுக்கு இரண்டு ஜோடி. நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதின்மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, மறுபடி குறுக்கு என்றால் துணிபோல நெருக்கமாக விழும். கடைசிக் குறுக்கை விட்டால் வலைபோல விரியும். குத்திய துளை வந்ததும் குண்டூசி. அதைச் சீக்கிரம் பிடுங்கினால் ஓரம் சுருங்கிவிடும். நம் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறை இறக்கும், பித்தளைதான் வேண்டும். கை வேர்த்தாலும் வெள்ளை நூல் அழுக்காகிப் போகும். வயலிலிருந்து வந்த ஒரு பிள்ளை இதில் கை பழகுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பார்.

மிஷன் பெண்கள் குப்பாயம், அதாவது மேல்சட்டை, தைக்கச் சொல்லிக்கொடுத்ததும் இதே அத்தியாயத்தில்தான் வரவேண்டும். 1829 உத்தரவு குப்பாயத்தை அனுமதித்துவிட்டு, தோளில் போடும் மேல்சீலையைத் தடுத்தது. ஊசி பிடித்த கைக்கும் மேல்சீலைக்காகத் தெருவில் நடந்த அடிதடிக்கும் நடுவில் தூரமே இல்லை. நீ இரண்டுக்கும் நடுவில் ஏழு பக்கம் விட்டிருக்கிறாய்.

இரக்கப்பட்டு யாரோ தந்த பள்ளி என்று ஆரம்பிக்காதே. தலையணையை முதல் பக்கத்தில் வை. கறுப்பு மையில் நான் கிறுக்கியது எல்லாம் கட்டாயம். பென்சிலில் இருப்பதை நீ தள்ளிவிடலாம். வியாழக்கிழமை கோட்டாறுக்கு வருவாய்தானே, உன் தாள் கட்டு அக்கா கடையில் இருக்கும், வாங்கிக்கொள்.

உன்,
மேரி