இரண்டு குடம் தண்ணீரில் காலை டிபன்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பா,

பொங்கல் முடிந்த வாரத்தில் உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேரப்பிள்ளைகள் உட்பட எட்டுப் பேராக ஏலகிரியில் மூன்று இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறீர்கள் என்பதும், மதியச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் வெளியே பார்த்துக்கொண்டு காலை டிபனை மட்டும் நீங்களே சமைத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது என்பதும் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. பாத்திரத்தை யார் கழுவுவது என்று இப்போதே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் முதல் முறை கல்வராயன் மலைக்குப் போன கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. அது மே மாதம். வீட்டில் ஆட்டிய தோசை மாவை ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் நிரப்பி, மூடியை அழுத்தி, காரின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். வெயிலில் கார் அடுப்பாகக் கொதித்தது. ஊர்ப் பெயருக்கு மரியாதை செய்வதுபோல, சரியாக உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டும்போது மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. போர்வை, தலையணை, ஒரு ஜோடி செருப்பு எல்லாம் மாவில் குளித்தன. கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வெள்ளிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் மிச்சமிருந்த புளித்த மாவை வைத்துக்கொண்டு தோசை சுட ஆரம்பித்தேன். காற்றில் அடுப்பு ஒரு பக்கமாக எரிய, கல்லின் பாதி காய, பாதி காயாமல், ஒவ்வொரு தோசையும் கல்லை விட்டு வர மறுத்தது. சுரண்டிச் சுரண்டி எட்டு மணிக்குத் தொடங்கிய டிபன் பத்து மணிக்கு முடிந்தது. அதன் பிறகு தோசைக்கல், சட்னிக் கிண்ணம், சாம்பார் சட்டி, கரண்டிகள், தட்டுகள் என்று கழுவி முடித்தபோது பதினொன்றரை. அருவிக்குப் போக வேண்டும் என்று வந்தவர்கள் குழாயடியில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு ‘தானே’ புயல் நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் அது நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நீ வேலூருக்கு மாற்றலாகிப் போயிருந்தாய். மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை. தெருமுனைக் கைப்பம்பில் வரிசையில் நின்று அடித்துக்கொண்டு வருகிற தண்ணீர்தான் குடிக்கவும் சமைக்கவும் கழுவவும். அந்த நாட்களில் என் அம்மா ஒரு நாளைக்கு ஒரு சட்டிக்கு மேல் அடுப்பில் ஏற்றவில்லை. தட்டு என்ற பேச்சே கிடையாது. ஊரெங்கும் வாழை சாய்ந்து கிடந்ததால் இலைக்குப் பஞ்சமில்லை. அந்த இலையை அறுக்கும்போது மனசு கேட்காது, ஆனாலும் அறுத்தோம். என்ன சமைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே, இதைக் கழுவ எத்தனை செம்பு தண்ணீர் ஆகும் என்று அம்மா கணக்குப் போட்டுவிடுவாள். புயலில் போட்ட அந்தக் கணக்கை உல்லாசப் பயணத்துக்கும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டோம். இப்போது குடிக்கிற தண்ணீர் நீங்கலாக, எங்கள் ஐந்து பேரின் காலை வேலை முழுவதும் இரண்டு குடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முதல் நாள் காலைக்கு அடுப்பே மூட்ட வேண்டாம். புறப்படும் நாள் சாயங்காலம் வீட்டில் இட்லி வார்த்து, நன்றாக ஆறிய பிறகு, மிளகாய்ப் பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, நாலு நாலாக வாழை இலையில் மடித்துக் கட்டிவிடு. ஆறாமல் கட்டினால் ஆவி உள்ளேயே வியர்த்து இட்லி கொழகொழத்துப் போகும். அவசரப்பட்டு நான் ஒருமுறை அப்படிக் கெடுத்திருக்கிறேன். தேங்காய்ச் சட்னியை எந்தக் காரணம் கொண்டும் எடுத்துப் போகாதே. ரயிலில் காசிக்குப் போனவர்கள் எல்லாம் இப்படித்தான் போனார்கள், இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கழுவ வேண்டியது கை மட்டும்தான்.

இரண்டாம் நாளுக்குத்தான் உண்மையான சமையல். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பயணங்களைக் காப்பாற்றியது இதுதான். ரவா உப்புமாவில் பாத்திரத்தைக் கெடுப்பவை இரண்டு: ஒன்று, தாளிக்கும்போது வடசட்டியில் ஏறும் எண்ணெய்ப் பிசுக்கு, மற்றொன்று, ரவை அடுப்பில் வேகும்போது பிடிக்கிற அடி. இரண்டையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போய்விடலாம். அடி கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், பெருங்காயம் எல்லாம் தாளித்து, கறிவேப்பிலையைப் போட்டு, அது கையில் நொறுக்கினால் சருகுபோல உடைகிற வரை வறுக்க வேண்டும். இலையில் ஈரம் நின்றால் நாலு நாளில் டப்பா முழுவதும் பூசணம் பிடிக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், பச்சை இஞ்சி மூன்றும் வேண்டாம். வாசனைக்குச் சுக்குப் பொடி அரை ஸ்பூன் போதும். பிறகு ரவையைக் கொட்டிச் சிறு தீயில், நிறம் மாறாமல், கையால் அள்ளினால் மணல்போலச் சரிகிற பதத்துக்கு வறுத்து, அடுப்பை அணைத்த பிறகு உப்பும் பொடியாக உடைத்த பண்ருட்டி முந்திரியும் சேர்த்து, முழுக்க ஆறவிட்டு டப்பாவில் அடைத்துவிடு. உங்கள் எட்டுப் பேருக்கு 600 கிராம் ரவை தாராளமாகப் போதும்.

மலையில் செய்ய வேண்டியது தண்ணீர் கொதிக்க வைப்பது ஒன்றுதான். டப்பாவையே அளவாக வைத்துக்கொள். ஒரு டப்பா ரவைக்கு இரண்டரை டப்பா தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறுகையால் கிளறு. எண்ணெய் பூசிய ரவை என்பதால் கட்டி தட்டாது. மூடியைப் போட்டு, பழைய துண்டால் சட்டியைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டால் தன் சூட்டிலேயே பொலபொலவென்று வெந்துவிடும். நெருப்பின் மேல் வேகாததால் அடிப்பிடிக்க வழியில்லை. ஒட்டியிருக்கும் மெல்லிய ஏட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஊறி உரிந்து வரும். இலையில் பரிமாறிய பிறகு மேலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளுங்கள். சென்ற முறை என் சின்ன மகன், வாழ்க்கையில் உப்புமாவைக் கண்டாலே எழுந்து போகிறவன், இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். குளிரும் பசியும் செய்த வேலை அது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் பெருமையை நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளுக்கு அவல். கெட்டி அவலை ஒருமுறை அலசி வடித்துக் கால் மணி நேரம் வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். பொடித்த வெல்லமும் ஏலக்காயும் கொப்பரைத் துருவலும் போட்டுப் பிசைந்தால் போதும். தேங்காயாக எடுத்துப் போனால் துருவியையும் கட்டி அழ வேண்டியிருக்கும் என்பதால்தான் கொப்பரை என்கிறேன். பிள்ளைகளுக்கு இனிப்பு வேண்டாமென்றால், புதுச்சேரியில் விற்கிற நீளமான பிரெஞ்சு ரொட்டியை வாங்கி அனுப்புகிறேன். மேல்தோல் மொறுமொறுப்பு போய்விட்டாலும் பரவாயில்லை. துண்டு போட்டு, குச்சியில் குத்தித் தணலில் காட்டி, வெண்ணெய் தடவித் தின்னலாம். சட்டியும் வேண்டாம், கல்லும் வேண்டாம்.

முட்டையைப் பிளாஸ்டிக் பையில் அடித்து ஊற்றி, பையோடு கொதிநீரில் போட்டு ஆம்லெட் செய்கிற வித்தையை உன் மருமகள் வீடியோவில் பார்த்ததாக எழுதியிருந்தாய். பாத்திரம் அழுக்காகாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் கொதிக்கிற பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்த உணவைப் பேரன் வாயில் வைக்க எனக்கு மனம் வராது. போதாக்குறைக்கு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கும்போது, நாமே எட்டுப் பைகளைச் சுமந்துகொண்டு மலையேறுவது நன்றாகவும் இருக்காது. அதற்குப் பதில், வாழை இலையைத் தணலில் ஒரு வாட்டு வாட்டிச் சட்டியில் விரித்து, அதன் மேல் முட்டையை உடைத்து ஊற்றி, மூடிபோட்டுச் சிறு தீயில் வைத்துப் பார். இலை கருகுகிற நேரத்துக்கு முட்டை வெந்திருக்கும். இலையோடு தூக்கினால் சட்டி ஏற்றியபோது இருந்தபடியே சுத்தமாக இருக்கும். நம் பக்கத்தில் மீனை இப்படிப் போடுவது உனக்கு மறந்திருக்காது.

ஃபிளாஸ்கில் நொய்யும் பாசிப்பருப்பும் போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கஞ்சி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். கஞ்சி நன்றாகவே வரும், ஆனால் குறுகிய வாய் ஃபிளாஸ்கின் கழுத்துக்குள் ஒட்டிய பசையை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அகன்ற வாய் உள்ளது இருந்தால் செய், இல்லாவிட்டால் ஃபிளாஸ்கைக் காப்பி டிகாக்ஷனுக்கு விட்டுவிடு. முதல் டிகாக்ஷனைக் கெட்டியாக வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போனால் முதல் இரண்டு வேளைக்கு ஃபில்டர் கழுவும் வேலை இல்லை. பால் பவுடரே போதும்; பால் காய்ச்சிய பாத்திரம்போலக் கழுவுகிறவனைச் சோதிப்பது வேறெதுவும் கிடையாது.

இலை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இரு. சந்தையில் டிபன் இலை என்று சிறிதாக நறுக்கி விற்பதை வாங்கித் துடைத்துச் சுருட்டி, ஈரத்துணியில் சுற்றினால் மூன்று நாள் பச்சையாக இருக்கும். துணி சொட்டச் சொட்ட இருந்தால் கறுத்துவிடும். தின்ற இலையைப் புதரில் எறியாமல் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்துவிடு, இல்லாவிட்டால் உப்பு வாசனைக்குக் குரங்குகள் கூடாரத்தைத் தேடி வரும்.

இத்தனைக்குப் பிறகும் கழுவ வேண்டியதாக ஒரு சட்டி, ஒரு கரண்டி, எட்டு டம்ளர் மிஞ்சும். முதலில் பழைய செய்தித்தாளால் சட்டியைத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். சோப்பு கொண்டுபோகாதே, தேங்காய் நாரும் விறகுச் சாம்பலும் போதும். சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து தானே ஒருவகைச் சோப்பாகிவிடுவதால்தான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சாம்பலால் துலக்கினார்கள். ஓடையிலோ ஏரியிலோ இறங்கிக் கழுவாமல், தண்ணீரை மொண்டு 200 அடியாவது தள்ளிப் போய் மண்ணில் ஊற்றுங்கள். விறகடுப்பு என்றால் சட்டியின் வெளிப்புறத்தில் குழைத்த மண்ணைப் பூசிவிட்டு ஏற்றினால் கரி மண்ணோடு உதிர்ந்துவிடும். அம்மா செய்ததைப் பார்த்து நான் செய்கிறேன்.

விறகடுப்பைத் தங்குமிடக்காரர் காட்டுகிற இடத்தில் மட்டும்தான் மூட்ட வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவை. காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை.

நீங்கள் கிளம்புகிற தேதியை எழுதினால், அதற்கு முந்தைய நாள் வேலூர் பஸ்ஸில் வருகிறவர் யாரிடமாவது இந்த முறைக்கு நானே வறுத்த ரவையையும் அரைக் கிலோ முந்திரியையும் ரொட்டியையும் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். ரவை வருகிற டப்பா எங்கள் வீட்டு அளவு டப்பா. சித்திரையில் நீ இங்கே வரும்போது மறக்காமல் கையோடு கொண்டுவா. போன முறை எடுத்துப்போன தூக்கே இன்னும் திரும்பவில்லை என்று வீட்டில் நினைவுபடுத்தச் சொன்னார்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்