இன்சுலின் குறித்த அச்சம் களையப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நீரிழிவு நோயாளிகளிடையே இன்சுலினைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்கள் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன். "ஊசி போட ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாதாமே, மாத்திரையிலேயே ஓட்டிக்கலாமா?" என்ற கேள்வியை மருந்து வழங்கும் இடத்தில் நான் கேட்காத வாரமே இல்லை. படித்தவர்களும் கேட்டார்கள். ஊசி என்றாலே நோய் முற்றிவிட்டது என்று பொருள்கொண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் காலம் கடத்தியவர்கள், பின்னர் காலில் ஆறாத புண்ணோடும் மங்கிய பார்வையோடும் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன்.

இன்சுலின் நம் உடலுக்கு அந்நியமான பொருள் அன்று. நாம் உண்ணும் சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது, கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் அந்த ஏற்றத்தை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. அதன் துணையால்தான் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் குளுக்கோஸைப் போதிய அளவில் ஈர்த்துக்கொள்கின்றன. இன்சுலினுக்கு மற்றொரு வேலையும் உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்தும், புதிதாக உண்டாக்கியும் குளுக்கோஸை இடைவிடாமல் இரத்தத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அதை அளவோடு நிறுத்தி வைப்பதும் இன்சுலின்தான். இரவு முழுவதும் ஒன்றும் சாப்பிடாதிருந்தும் காலையில் சர்க்கரை 200 காட்டுகிறதே என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை. இனிப்பை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பொய்த்துப்போவதும் இதனால்தான்.

முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வரும் இந்நோய், பெற்றோர் மிகுதியாக இனிப்புக் கொடுத்ததால் வந்ததன்று. அந்தக் குற்ற உணர்வோடு வாழும் தாய்மார்களுக்காக இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். இக்குழந்தைகளுக்கு இன்சுலினுக்கு மாற்று கிடையாது. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே கொடுத்தால் இரைப்பையிலும் குடலிலும் செரித்துவிடும் என்பதால் ஊசியாகவே செலுத்த வேண்டியிருக்கிறது. 1922க்கு முன்பு இந்நோய் கண்ட குழந்தைகளைப் பட்டினி உணவில் வைத்துச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதைத் தவிர மருத்துவர்களால் வேறொன்றும் செய்ய இயலவில்லை. பிரடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் கனடாவின் டொரான்டோ நகரில் 1921இல் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. தூய்மை குறைவாக இருந்த முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை அதே மாதம் 23ஆம் தேதி மீண்டும் செலுத்திய பின்னரே சர்க்கரை இறங்கியது. சாகும் தறுவாயில் இருந்த அச்சிறுவன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நூறாண்டுகளுக்கு மேலாகியும், முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு இன்சுலினை நிறுத்திவிட்டுச் சூரணம் கொடுக்கச் சொல்வோர் நம்மிடையே இருக்கிறார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு சிறுமியை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளம்பரம் ஒன்றைப் பார்த்துச் சில நாள்களுக்கு முன் ஊசியை நிறுத்தியிருந்தார்கள். வாந்தியும் வயிற்றுவலியும் இருந்ததால் அஜீரணம் என்று எண்ணி ஓம நீர் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையோ ஆழ்ந்து, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வீசியது. இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை அளவின்றி எரித்து, இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன்களை உண்டாக்குவதன் அடையாளம் அது. உரிய சிகிச்சையால் அவள் பிழைத்தாள். பெற்றோரை நான் குறை கூறமாட்டேன். நம்பியவர்களை ஏமாற்றியவர்கள் மீதுதான் என் கோபமெல்லாம்.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது, மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். அச்சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டுள்ளது. அப்படியிருந்தும் "ஊசிக்கு விடை கொடுங்கள்" என்ற வகை விளம்பரங்கள் பேருந்து நிலையச் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் தடையின்றி வருகின்றன. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை புகாருக்குக் காத்திராமல் தானாகவே நடவடிக்கை எடுக்க வேண்டும். நாளிதழ்களும் இத்தகைய விளம்பரங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தால் அது பெருந்தொண்டாக இருக்கும்.

இரண்டாம் வகையின் கதை வேறு. இங்கே இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. ஈடுகட்டுவதற்காக மேலும் மேலும் சுரந்த பீட்டா செல்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துபோகின்றன. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மாத்திரைகளும் பலருக்கு நீண்ட காலம் போதுமானவையாக இருக்கும். போதாத நிலை வரும்போது இன்சுலின் சேர்க்கப்படுவது நோயாளியின் தோல்வியன்று. கருவுற்ற காலத்திலும், அறுவை சிகிச்சையின்போதும், கடுமையான தொற்றின்போதும் தற்காலிகமாக இன்சுலின் கொடுத்துப் பின்னர் நிறுத்துவது வழக்கமாகவே நடப்பதால், ஒருமுறை போட்டால் விட முடியாது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. ஆனால் நிறுத்தலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உண்மையில் கவனம் தேவைப்படும் இடங்கள் வேறு. நம் நாட்டில் சிரிஞ்சில் எடுத்துப் போடும் குப்பி இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடியிட்ட சிரிஞ்சும், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடியிட்ட சிரிஞ்சும் உரியவை. பார்வை மங்கிய முதியவருக்கு இவ்விரு நிறங்களும் எளிதில் வேறுபட்டுத் தெரியா. 100 யூனிட் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடலில் சேர்வது 50 யூனிட். உயிருக்கே ஆபத்தான அளவு இது. மாறாக, 40 யூனிட் செறிவுள்ள மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 8 யூனிட்டே சேர்ந்து, மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். மருந்துக் கடைகளில் அவசரத்தில் கையில் கிடைத்த சிரிஞ்சை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். நினைவு தெளிவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுப்பதா என்று தயங்கி நிற்கும் உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டவர் வேளை தவறாமல் உண்பதும் அவசியம். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தித் தோல் தடித்துப்போனால் மருந்து சீராகச் சேராது என்பதையும், குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்து உறைந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும்.

2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக நீரிழிவு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வீடு தேடிச் செல்லும் பணியாளர்களே, இன்சுலின் எடுத்துக்கொள்வோர் வீட்டில் குப்பியையும் சிரிஞ்சையும் ஒருசேர வாங்கிப் பார்த்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கலாம். நோயாளியையே ஒருமுறை மருந்தை எடுத்துக் காட்டச் சொல்லலாம். சில நிமிடங்கள் மட்டுமே பிடிக்கும் இந்த வேலையைத் திட்டத்தின் வழக்கமான பணிகளுள் ஒன்றாகச் சேர்க்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.