தம்பியை ரங்கூனுக்கு அனுப்பு

அன்பு நண்பா,

மோல்மேனில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய், இங்கே ரங்கூனிலும் அதே கதைதான். வீட்டில் எல்லோரும் சுகம், சின்னவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்கு மாதக்கணக்கில் மலத்தோடு ரத்தம் போகிறது, மூலம்தான், கடையில் களிம்பு வாங்கித் தடவுகிறான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

பீலிகான் கோயிலில் தீ மிதிக்கிற திடகாத்திரமான ஆள், நாற்பதுகூட ஆகவில்லை, அவனுக்கு என்ன வரப்போகிறது என்று நினைக்காதே. பெருங்குடல் புற்றுநோய் வயசானவர்களுக்கு வருவது என்ற காலம் மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு, 1950 வாக்கில் பிறந்தவர்களுக்கு அதே வயதில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு அபாயம் என்கிறார்கள், மலக்குடலில் வருவதற்கோ நான்கு மடங்கு. அதனால்தான் அங்கே பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020இல் இந்த நோயில் போனபோது அவருக்கு வயது 43தான்.

காரணம் இதுதான் என்று ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி, உட்கார்ந்தே கிடப்பது எல்லாம் பேசப்படுகிறது. குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் சில வகை கோலிபாக்டின் என்ற நச்சை உண்டாக்குகின்றன, அது மரபணுவில் விட்டுப்போகிற தடயம் வயசானவர்களைவிட 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கட்டிகளில் 3 மடங்குக்கு மேல் தென்பட்டதாக 2025இல் ஓர் ஆய்வு வந்தது. சின்ன வயதிலேயே குடலில் ஏதோ நடந்துவிடுகிறது என்று சந்தேகப்படுகிறார்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. இளவயதுக்காரர்கள் பலர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள், ஏனென்றால் அவர்களும் மூலம் என்று நினைக்கிறார்கள், சில டாக்டர்களும் வயதைப் பார்த்து அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மூலமாகவே இருக்கலாம், இருக்கட்டும், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். விரல்விட்டுப் பார்க்கும் சோதனையிலேயே மலக்குடல் கட்டிகள் சில தட்டுப்படும். அப்புறம் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள், அது புற்றாக மாற வருஷக்கணக்கில் ஆகும். எடை குறைந்ததா, சோகை இருக்கிறதா, மலம் போகிற வழக்கம் மாறியதா என்று நீயே அவனிடம் கேள், வெட்கப்பட்டு மறைப்பான்.

உங்கள் அப்பா குடல் கட்டியில்தானே போனார்? அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதே, நான் இருக்கிறேன், தங்குவதற்கு நம் வீடு இருக்கிறது. அவனோடு நீயும் வந்து பார்த்துக்கொள், உனக்கும் அவர்தானே அப்பா.

என்றும் உன்,
பழைய கூட்டாளி