எந்நேர டேட்டா எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய சூம் வகுப்புகளுக்காகப் போன மாதம் 30 ஜிபி பெக்கேஜ் ஒன்று போட்டேன். பத்தாம் நாள் கணித வகுப்பின் நடுவில் திரையில் சேரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை கொப்பியை மூடிவிட்டு அழுதாள்.

ரீலோட் கடைத் தம்பிதான் சின்ன எழுத்தைக் காட்டினார். எந்த நேரமும் பாவிக்க 12 ஜிபி, மீதி 18 ஜிபி நள்ளிரவு முதல் காலை 8 மணி வரைக்கும் மட்டும். அவளுக்கு வகுப்பு மாலை ஆறு மணிக்கு!

இரண்டு அளவுகளையும் ஒரே அளவு எழுத்தில் போடும்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உத்தரவிட வேண்டும். அதுவரை, பெற்றோரே, மொத்த ஜிபியை நம்பாமல் எந்நேர டேட்டா எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு தாய்,
கொழும்பு 06