ராத்திரியில் இறங்கும் சர்க்கரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரையைக் குறைப்பது எப்படி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது ராத்திரியில் ஒரேயடியாக இறங்கிவிட்டால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வது என்று எழுதுபவர்கள் குறைவு. என் கணவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர், மாத்திரையும் உண்டு. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. பகலில் கை நடுங்கும், படபடப்பு வரும், அவரே சொல்லிவிடுவார். தூக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்; ஆனால் பனியனும் தலையணை உறையும் தொப்பலாக நனைந்திருக்கும். ஏதோ உளறுவார். எழுப்பினால், "ஒண்ணுமில்ல, விடு" என்று எரிந்து விழுவார். கோபம் என்று விட்டுவிடக் கூடாது. மூளைக்குச் சர்க்கரை போதாமல் வரும் குழப்பம் அது. விரலில் குத்திப் பார்த்தால் ஐம்பது சொச்சம் காட்டும்.

உடனே 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ரெண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் திரும்ப இறங்கலாம். வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சீனித் தண்ணீர் சட்டென்று கைகொடுக்காது. குடலில் சீனி உடைவதையே அந்த மருந்து தாமதப்படுத்தும். குளுக்கோஸ்தான் வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர்!

நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் சாயங்காலத்திலேயே இருக்கும். ஊசி போட்டுவிட்டு ஒரு இட்லியோடு எழுந்துவிடுவது, கல்யாண வீட்டு அலைச்சல், விரதம். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்தால் பழைய மருந்தளவே அதிகமாகிவிடும். அதனால் ஒரு தடவை இறங்கினாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நாமாக ஊசியை நிறுத்துவது தப்பு.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எவ்வளவு பெரிய உதவி! கொண்டுவரும் பெண்கள் நோயாளியோடு அவர் மனைவியையோ மகனையோ உட்காரவைத்து இந்த விஷயங்களையும் சொல்லட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டுக்கு மாத்திரையோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் கொடுத்தனுப்ப அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி